கைமருந்து மாமா

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் தாம்பரத்தைத் தாண்டிய எங்கள் தெருக்களில் ஒரு வரிசை முறை உண்டு. விளக்கைத் தேடி ஈசல் வரும். ஈசலைத் தேடித் தேரை வரும். தேரையைத் தேடி நாய் வரும். நாயைத் தேடிக் கைமருந்து மாமா வருவார்.

தெருவுக்கு ஒருவராவது இவர் இருப்பார். அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்ற மறுநாளே ஊருக்கு யோசனை சொல்லும் உத்தியோகத்தில் சேர்ந்தவர். கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு, கையில் டார்ச். ஆட்டோவிலிருந்து கட்டுப் போட்ட கால் இறங்குவதற்குள், "எலும்பா, ஜவ்வா?" என்று கேட்டுவிடுவார். சுளுக்கு, சர்க்கரை, தேள்கடி, இன்வெர்ட்டர் பழுது எல்லாவற்றுக்கும் அவரிடம் மருந்து உண்டு. நாய் மட்டும் வளர்த்ததில்லை. நாயைக் கண்டால் இரண்டடி தள்ளித்தான் நிற்பார். வைத்தியம் அங்கிருந்தே நடக்கும்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அன்று கெட்டது இரண்டாம் மாடி டைகர். பெயர்தான் டைகர்; ஜாதி டாஷ்ஹண்ட், வயிறு தரையைப் பெருக்கிக்கொண்டே போகும். தேரை எட்டித் தாவாது, தத்தித் தத்தித்தான் நகரும் என்பதால் இந்தக் குட்டைக்காலனுக்கும் வேட்டை வாய்த்தது. ஒரே கவ்வு. மறுகணமே துப்பியாயிற்று. வாயிலிருந்து நுரை நுரையாக எச்சில் வழிய, டைகர் தலையை உதறுகிறது, முன்னங்காலால் மூஞ்சியைப் பிறாண்டுகிறது. தேரை சாவகாசமாகக் காருக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்காரப் பெண் அலறி முடிப்பதற்குள் மாமா ஆஜர்.

"பதறாதேம்மா. சொறித்தவளைதானே? அரை டம்ளர் தேங்கா எண்ணெய் புகட்டு. விஷம் வழுக்கிக்கிட்டு வெளியே வந்துடும்."

ஒருவர் எண்ணெய்க்கு ஓடினார். திரும்பி வருவதற்குள் மருந்து மாறிவிட்டது. "எண்ணெய் சூடு. மோர்தான் சரி." மோர் வந்தபோது, "உப்பைக் கரைச்சுக் குடுத்து வாந்தி எடுக்க வைக்கணும்." உப்பு வந்தபோது, "யார் வீட்லயாவது வசம்பு இருக்கா?" கைமருந்து மாமாக்களின் இலக்கணமே இதுதான்: வந்துசேர்ந்த மருந்து பலிக்காது, வராத மருந்துதான் பலிக்கும். ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவர் மட்டும் நிற்க வேண்டும்.

நல்லவேளை, கீழ்வீட்டுப் பெண் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறவள். செடிக்குத் தண்ணீர் விடும் ஓஸ் பைப்பை இழுத்துக்கொண்டு வந்தாள். டைகரின் மூக்கு தரையைப் பார்க்கும்படி தலையைச் சாய்த்து, கடைவாய் ஓரமாக மெல்லத் தண்ணீர் விட்டாள்.

"உள்ளே போன தண்ணி வெளியே வழிஞ்சுடணும்க்கா. தொண்டைக்குள்ள பாய்ச்சினா நுரையீரல்ல ஏறிடும். ஈரத்துணியால ஈறு, நாக்கு, மேல்வாய் எல்லாம் துடைங்க. துணியை அலசி அலசித் துடைக்கணும். உங்க கையைக் கண்ணுல வெச்சுடாதீங்க. வாந்தி மட்டும் எடுக்க வைக்கவே கூடாது."

"வெறும் தண்ணியா?" என்றார் மாமா. "இதுக்கா உங்கப்பா காலேஜுக்கு அனுப்பினார்?"

அவள் டார்ச்சை வாங்கிக் காருக்கு அடியில் அடித்தாள். "கண்ணுக்குப் பின்னாடி மொச்சைக்கொட்டை மாதிரி புடைச்சிருக்கு பாருங்க மாமா. விஷம் அதுலதான் இருக்கு. கடிச்சா வெள்ளையாக் கசியும். ஈறு வழியா ஏறி இதயத்தைப் பிடிக்கும். இதய நோயாளிக்குக் குடுக்கிற டிகாக்ஸின் மாத்திரை வேலை செய்ற மாதிரியேதான் இதுவும் செய்யும், கட்டுப்பாடு இல்லாம."

மாமாவின் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. "அப்ப மாத்திரைச் செலவு மிச்சம்னு சொல்லுங்க" என்றார் இஸ்திரிக்காரர். யாரும் சிரிக்கவில்லை, மாமா முறைத்ததால்.

"ஆஸ்திரேலியாவுல தேரையைக் கடிச்ச நாய் செத்தே போகுதாம். என் மச்சினன் பையன் அங்கதான் இருக்கான்" என்று மாமா அடுத்த அஸ்திரத்தை எடுத்தார்.

"அது வேற தேரை மாமா, ரொம்பப் பெரிசு. கரும்பை அழிக்கிற வண்டைத் தின்னும்னு 1935-ல குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுபோனாங்க. வண்டு ஒழியலை, தேரைதான் பரவிடுச்சு. அங்கேயும் யாரோ ஒரு மாமா யோசனை சொல்லியிருப்பார். நம்ம ஊர்த் தேரை அவ்வளவு மோசமில்லை. ஆனா இத்தனூண்டு நாய்க்கு நம்ப முடியாது. தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு இரைச்சாலோ தண்ணிகூட வேண்டாம், நேரே டாக்டர்தான்."

பத்து நிமிடத்தில் நுரை நின்றது. இதயத் துடிப்பைப் பார்த்துவிடலாம் என்று வீட்டுக்காரப் பெண் டைகரைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பினாள். டைகரின் கண் அப்போதும் காருக்கு அடியில்தான் இருந்தது.

அடுத்த வாரம் பின்தெருவில் ஒரு பொமரேனியன் அகப்பட்டது. கூட்டத்துக்கு நடுவே, நாயிலிருந்து இரண்டடி தள்ளி, மாமா.

"எண்ணெய், மோரெல்லாம் பழைய பஞ்சாங்கம். மூக்கைக் கீழே சாய்ச்சுக் கடைவாயில தண்ணி விடு. ஈரத்துணியால துடை. வாந்தி எடுக்க வைக்காதே. எத்தனை நாயைக் காப்பாத்தினவன் நான்!"

ஒரு சொல் பிசகவில்லை. அவர்கள் குழாயைத் திறக்கப் போனபோதுதான் கையை உயர்த்தித் தடுத்தார்.

"இந்தக் குழாய் வேண்டாம். கிழக்கே பார்த்த குழாய் யார் வீட்ல இருக்கு?"