மழைக்கு ஒதுங்குதல்: கள்ளக்குறிச்சி முதியோரின் கூதிர்கால வழக்கம் குறித்த ஓர் ஆய்வுரை

1. நுழைவாயில்

ஜப்பானியர் ஆண்டை 72 சிறுபருவங்களாகப் பகுத்தவர்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நாள். சீனத்துப் பட்டியலைத் தம் மண்ணுக்கேற்பத் திருத்தியவர் ஷிபுகாவா ஷுன்காய். அவர் வகுத்த ஜோக்கியோ நாட்காட்டி 1685-இல் வழக்குக்கு வந்தது. அதன்படி செப்டம்பர் கடைசியில் இடி அடங்கும். பூச்சிகள் வளைக்குள் போய்க் கதவடைக்கும். அதே வாரம் கள்ளக்குறிச்சியில் புரட்டாசி இடி இடிக்கும். பூச்சிகள் கதவைத் திறந்துகொண்டு வந்து டியூப்லைட்டைச் சுற்றும். ஆகவே அந்தப் பட்டியல் இங்கே செல்லாது என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. (நிதி நல்கை எதுவும் பெறாமல் கண்டது.)

ஜப்பானில் முதியோரைப் போற்றவே ஒரு விடுமுறை உண்டு. 1966 முதல் செப்டம்பர் 15. 2003 முதல் அம்மாதத்தின் மூன்றாம் திங்கள். இலையுதிர்காலப் பௌர்ணமியில் நாணல் செருகி, மாவுருண்டை படைத்து நிலவு பார்ப்பார்கள். பிறகு சிவந்த இலை பார்ப்பார்கள். நம் பெரியவர்களுக்கு ஐப்பசியில் நிலவு கிடைப்பதே அரிது, மேகம் மறைத்துவிடும். இலையோ அப்போதுதான் பச்சை கட்டுகிறது. கல்வராயன் மலைக் காட்டில் அது உதிரத் தை, மாசி ஆகும். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத நிலையில் நம்மவர் கண்டடைந்த பருவ வழக்கமே ஒதுங்குதல். இதற்கு அரசு விடுமுறை தேவையில்லை. ஒதுங்குகிறவர் ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்.

2. ஆய்வு எல்லை

கள்ளக்குறிச்சி மாவட்டம். இதுவே 2019 நவம்பர் 26-இல், அதாவது கார்த்திகையில், நல்ல மழைக்காலமாகப் பார்த்து விழுப்புரத்திலிருந்து ஒதுங்கிக்கொண்ட மாவட்டம்தான்.

மலைப்பகுதி விலக்கப்பட்டுள்ளது. வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் மேகத்துக்குள்ளேயே வாழ்கிறவர்கள் மேகத்திலிருந்து எங்கே போய் ஒதுங்குவது? சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கிறார்கள். இத்தகைய நடத்தை ஆய்வுக்கு ஒத்துழைப்பதில்லை.

3. சான்றாதாரங்கள்

எல்லாம் வாய்மொழி. ‘டீக்கடை பெஞ்சு, இடது முனை, இரண்டாம் கிளாஸ், சர்க்கரை கம்மி’ என்ற முறையில் குறித்துள்ளேன். ஒரே கூற்றுக்குப் பல்செட் மாட்டிய பிரதி, பல்செட் கழற்றிய பிரதி என இரண்டு கிடைத்த இடங்களில் பின்னதையே மூலமாகக் கொண்டேன்; பழமையானது அதுவே. வெற்றிலைச் சாறு பட்டுச் சிதைந்த இடங்களைப் புள்ளி வைத்துக் காட்டலாம் என்றிருந்தேன். பேசியவரே துப்பிவிட்டுத் திருத்தம் சொன்னதால் அதற்கு அவசியம் ஏற்படவில்லை.

காலக்கணக்கில் ஒரு சிக்கல். கோமுகி அணை நிரம்பி வழிந்த ஆண்டு எது என்றால், சமவெளி முதியோர் “எங்க சின்னவன் வயித்துல இருந்த வருசம்” என்பர். எல்லைக்கு வெளியே என்றாலும் காலக்கணக்குக்கு மட்டும் கேட்ட மலை முதியோர், ஜாகீர்தார் ஆட்சி போவதற்கு முன்னா பின்னா என்று பகுப்பர். ஜாகீர் முறை முடிந்தது 1976 என்பதால் அவர்கள் கணக்கைச் சரிபார்த்துவிடலாம். சின்னவனைச் சரிபார்க்கப் போனால் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள்.

4. முன்னாய்வுகள்

‘மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன்’ என்றொரு வசவு நம்மிடம் உண்டு. மழைக்குப் பல்கலைக்கழகத்தில் ஒதுங்கி, மழை விட்டு முப்பது வருடமாகியும் உள்ளேயே நின்று, ‘வெளியே தூறுவதாக இவர் கூறுகிறார், அதை அவர் வழிமொழிகிறார்’ என்று ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னும் வசவு எதுவும் தோன்றவில்லை. கையை வெளியே நீட்டிப் பார்த்தவர் அவர்களில் எவருமில்லை. முன்னாய்வுகள் முற்றும்.

5. ஒதுங்குவோர் வகை

குடை இருந்தும் ஒதுங்குவோர். (குடை புதிது.)

தலையில் ரேஷன் கடைப் பையைக் கவிழ்த்து ஓடிவந்து ஒதுங்குவோர்.

மழை வருமுன்பே, முழங்கால் வலி சொன்னதை நம்பி ஒதுங்குவோர். இவர்களில் பலர் மழை வராமலே வீடு திரும்பியுள்ளனர்.

6. இடைகழிக் கோட்பாடு

இனி ஆய்வின் நடுநாயகத்துக்கு வருவோம். ஒதுங்குதலின் மூல நிகழ்ச்சி இதே மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரைத் திருக்கோவிலூரில் நடந்தது. மழை இரவு. சிறியதோர் இடைகழி. முதலில் வந்த பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்ததும் மூவரும் எழுந்து நின்றார்கள். பிறகு நான்காவதாக யாரோ நெருக்குவதை உணர்ந்தார்கள். முதலிருவர் பாட்டாலேயே விளக்கேற்ற, மூன்றாமவர் பெருமாளைக் கண்டார். ஆளுக்கு நூறு வெண்பாவாக மூன்று அந்தாதிகள் நமக்குக் கிடைத்தன. மூவருமே ஐப்பசியில், அடுத்தடுத்த நட்சத்திரங்களில், திருவோணம், அவிட்டம், சதயத்தில் பிறந்தவர்கள் என்பதும் மரபு. மழைக்காலத்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

உரைகாரர்கள் இதில் தத்துவம் கண்டார்கள். நான் கொள்ளளவு கண்டேன். ஒரு கிடை = இரண்டு இருக்கை = மூன்று நிலை. இதுவே இடைகழிச் சமன்பாடு.

இதைப் பேருந்து நிழற்குடைகளில் பொருத்திப் பார்த்தபோது கோட்பாடு ஆட்டம் கண்டது. அங்கே கிடை இடத்தை எப்போதும் ஒரு நாய் பிடித்திருக்கிறது. சமன்பாட்டின்படி அதற்குமேல் ஒருவரும் நிற்க முடியாது. நிற்பவர்களோ ஆறு பேர். நாயை ஆளாகக் கொள்வதா கூடாதா என்பதில் பெஞ்சின் இடது முனையும் வலது முனையும் இன்றுவரை உடன்படவில்லை. நடுப்பகுதி ஒரு சமரசம் கூறுகிறது: நனைந்த நாய் உடம்பை உதறும்வரை ஆளல்ல, உதறியபின் ஒன்றரை ஆள் (டீக்கடை பெஞ்சு, நடு, மூன்றாம் கிளாஸ், கடன், பல்செட் கழற்றிய பிரதி, அடைப்புக்குள் இருமல்). பன்னாட்டுக் கருத்தரங்குக்குரிய கருத்து இது. அதாவது, மலேசியாவிலிருந்து ஒருவர் ஜூமில் வர வேண்டும், அவர் பேசுவது கேட்கக் கூடாது.

அடுத்து, நான்காமவர். கடைத் தாழ்வாரத்தில் மூன்று முதியோர் நிற்கையில் கரன்ட் போகிறது. யாரோ நெருக்குகிறார். முதலாமவர் செல்போனில் டார்ச்சைத் தேடிப் பாட்டை ஓடவிடுகிறார். இரண்டாமவர் தீப்பெட்டி எடுக்கிறார், நமுத்துப்போயிருக்கிறது. அப்போது மின்னல் வெட்ட, மூன்றாமவர் கண்டுவிடுகிறார். நெருக்கி நிற்பவர் அவருடைய சம்பந்தி. வளைகாப்பில் வரிசைத் தட்டு குறைந்த நாளிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. மழையில் இறங்கிப் போகவும் வழியில்லை.

“இன்னாங்க சம்மந்தி, மழ புடிச்சுக்கிச்சி.”

“புடிச்சுக்கிச்சி.”

“வுடுங்களா?”

“வுட்டாப் போவலாம்.”

இவ்வுரையாடலில் வானிலைச் செய்தி எதுவும் இல்லை என்பார் உளர். அவர்கள் மூன்றாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவர்கள், மன்னிக்கலாம். கடைக்காரர் இதை உடன்படிக்கை என்றே புரிந்துகொண்டு, கேட்காமலே இரண்டு டீ போட்டார். அந்த டீக்கு யார் காசு கொடுத்தது என்பதில் பிரதிகள் முரண்படுகின்றன. சம்பந்திகள் இருவருமே தாம்தான் என்று சாதிக்கிறார்கள். கடைக்காரரின் கடன் நோட்டைக் கேட்டு வாங்கி ஒப்புநோக்கினேன். இருவர் பேரிலும், ஆளுக்கு இரண்டு டீ என்று எழுதியிருக்கிறது.