அரை, கால், அரைக்கால், வீசம்

கேமரா வாங்கி வந்த அன்று வீட்டில் யாரும் ஆரத்தி எடுக்கவில்லை. "போன்லயே நல்லாத்தானே வருது?" என்றாள் மனைவி. இதற்குப் பதில் சொல்லித் தப்பித்த கணவன் எவனையும் நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் யாரோ பயன்படுத்திய பழைய கேமரா. கூடவே 50 மி.மீ. லென்ஸ் ஒன்று. விலையைப் பாதியாகக் குறைத்துத்தான் சொன்னேன். அந்தப் பாதிக்கே இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

கேமராவின் தலையில் ஒரு சக்கரம் இருக்கிறது. அதை 'ஆட்டோ'வில் வைத்துவிட்டால் எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. காசு போட்டது நான், படம் எடுப்பது அதுவா? நேராக 'எம்'முக்குத் திருப்பினேன். எம் என்றால் மேனுவல். என் கையில் அது மங்கல் என்று ஆகும் என்பது அப்போது தெரியாது.

ஷட்டர் புரிந்தது. கதவை எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பதுதான். ஐஎஸ்ஓவும் ஓரளவு புரிந்தது. அதை ஏற்றினால் இருட்டிலும் படம் விழும், கூடவே ரவையைத் தூவின மாதிரி புள்ளிகளும் விழும். என்னைப் படுத்தியது அபெர்ச்சர்தான். லென்ஸுக்குள் ஒரு ஓட்டை. எஃப்/16 என்றால் சின்ன ஓட்டையாம், எஃப்/2 என்றால் பெரிய ஓட்டையாம். எந்த ஊர் நியாயம் இது? செருப்புக் கடையில்கூட எண் ஏறினால் செருப்பு பெரிதாகிறது.

திண்ணையில் உட்கார்ந்து வாய்விட்டுப் புலம்பிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. மண்டியில் கணக்கு எழுதியவர். கேமராவைத் தொட்டது கிடையாது. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னென்ன நம்பர்டா இருக்கு?" என்றார்.

"நடுவுல சிலது இருக்கு. பெரிசா பார்த்தா 2, 4, 8, 16."

"கீழ போட்டிருக்கா, மேல போட்டிருக்கா?"

"கோட்டுக்குக் கீழ."

"அப்புறம் என்ன? அரை, கால், அரைக்கால், வீசம். அரை பெரிசா, வீசம் பெரிசா?"

நான் வாயைத் திறக்கவில்லை. லென்ஸின் குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பதுதான் ஓட்டையின் விட்டம். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/2 என்றால் 25 மி.மீ.; எஃப்/16 என்றால் 3 மி.மீ. சொச்சம். மூன்று வாரமாக நான் பார்த்த அத்தனை வீடியோக்களும் செய்யாததை, தாத்தாவிடம் உதை வாங்கி அப்பா படித்த எண்சுவடி அரை நிமிடத்தில் செய்துவிட்டது. "இதுக்கா இவ்வளவு காசு?" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார். அது வீடியோவில் இல்லாதது.

ஞானம் வந்த வேகத்தில் திருக்கடையூருக்குப் புறப்பட்டேன். அத்தைக்கும் மாமாவுக்கும் அறுபதாம் கல்யாணம். படம் எடுக்கிறவரை ஏற்பாடு செய்ய வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். குடும்பத்தில் இதுவரை எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதுவே பெரியது, கடைசியும் அதுதான்.

கோயிலுக்குள்ளே இருட்டு. அதற்கு மேல் ஹோமப் புகை. ஷட்டரை எட்டில் ஒரு விநாடிக்கு இறக்கினேன். மாமா தாலி கட்டுகிற படத்தில் அவருக்கு நாலு கை விழுந்தது. சாமி சன்னிதியில் பரவாயில்லை என்று விட்டுவிடலாம்; ஆனால் ஒரு கையிலும் தாலி தெரியவில்லை. 1838இல், புகைப்படக் கலையின் முன்னோடி டாகுவேர் பாரிஸ் வீதி ஒன்றைப் படம் எடுத்தார். வெளிச்சம் பதிய நிமிடக் கணக்கில் ஆனதால், நடந்த ஆளும் ஓடிய வண்டியும் பதியவே இல்லை. ஓரமாக நின்று ஷூவுக்குப் பாலிஷ் போடக் காலை நீட்டியிருந்த ஒருவர் மட்டும் சரித்திரத்தில் நின்றுவிட்டார். என் படத்தில் அந்த இடம் பெரியப்பாவுக்கு. கெட்டிமேளத்திலும் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த அவர் மட்டும் மீசை மயிர் எண்ணும்படி விழுந்திருக்கிறார்.

சரி, ஓட்டையைப் பெரிதாக்குவோம் என்று எஃப்/1.8க்குப் போனேன். இங்கேதான் அப்பாவின் கணக்கில் இல்லாத ஒன்று காத்திருந்தது. ஓட்டை பெருக்கப் பெருக்க, தெளிவாக விழும் ஆழம் சுருங்கும். என் கேமராவில் ஒரு மீட்டர் தூரத்தில் அது சுமார் 3 செ.மீ.தான். மனித மூக்குக்கும் காதுக்கும் நடுவே அதைவிட மூன்று மடங்கு தூரம் இருக்கிறது. நான் குறிவைத்தது அத்தையின் மூக்குத்தியை. அத்தை அன்று போட்டிருந்தது புது ஜிமிக்கி. சீட்டுக் கட்டி வாங்கியது.

படத்தைப் பார்த்த அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏண்டா, என் காது எங்கடா?" என்றாள்.

எல்லோரையும் நிறுத்தி எடுத்த படம் அதைவிட மோசம். முன்வரிசை பளிச்; பின்வரிசை மார்கழிப் பனி. பின்வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் சம்பந்தி வீட்டார். வேண்டுமென்றே செய்ததாக இன்றைக்கும் அங்கே பேச்சு இருக்கிறது. இது இயற்பியல் என்று ஒரு கல்யாண வீட்டில் நின்று விளக்கிப் பாருங்கள்.

பாவத்தைக் கழுவ அடுத்த மாதம் அத்தை வீட்டுக்குப் போனேன். வாசலில் காலை வெயில் படாத நிழலில், அதே புடவையில், அதே ஜிமிக்கியோடு உட்கார வைத்தேன். எஃப்/8. அரைக்கால். இரண்டடி பின்னால் தள்ளியும் நின்றுகொண்டேன். ஜிமிக்கியின் முத்து முத்தாக, புடவைச் சரிகையின் இழை இழையாகப் படம் விழுந்தது. வாழ்நாளில் நான் எடுத்த முதல் சரியான படம்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். கன்னத்துச் சுருக்கம், கண்ணுக்குக் கீழே கருவளையம், மோவாயில் இருக்கிற ஒற்றை முடி எல்லாம் சேர்ந்தே வந்திருந்தன.

"இது வேணாம்டா. கல்யாணத்தன்னிக்கு எடுத்தியே, அதையே அனுப்பு. அதுல முகம் வழவழன்னு இருந்துது."

இப்போது அத்தையின் வாட்ஸ்அப்பில் இருப்பது காதில்லாத அந்தப் படம்தான்.