டஸ்ட்டுன்னா அவ்வளவு இளக்காரமா?

போன ஞாயிற்றுக்கிழமை விவகாரம். சூடு இன்னும் ஆறவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஒரு கண்ணாடிக் கெட்டிலும் டார்ஜிலிங் முதல் பறிப்பு டப்பாவுமாகக் கட்டுரைக்காரர் வீட்டுக்கு வந்து இறங்கினான். செல்போனில் மூன்று நிமிடம் அலாரம் வைத்தான். அது கூவியதும் வைக்கோல் நிறத்தில் எதையோ ஊற்றி நீட்டினான். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, “பால் எங்கடா?” என்றார்.

அதோடு போயிருக்கலாம். பையன் சமையலறைக்குள் நுழைந்து டீத்தூள் பாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான். “இன்னுமா மாமா இதைக் குடிக்கிறீங்க? டஸ்ட்டுன்னா ஃபேக்டரித் தரையில கூட்டி அள்றது!”

தன் நாக்குக்கு எழுத்தறிவித்த போடி டீயைப் பற்றி எழுதுவதாகத்தான் கட்டுரைக்காரர் பத்திரிகைக்குச் சொல்லியிருந்தார். அதற்கும் வருவார். முதலில் இந்த வழக்கு முடியட்டும்.

கொழுந்தை வாட்டி, பல் வெட்டிய உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டுவது சிடிசி முறை. அசாமில் 1930களில் வந்தது. இன்று இந்தியத் தேயிலையில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இந்த வழியில்தான் தயாராகிறது. காய்ந்து வந்ததைச் சல்லடை சல்லடையாகச் சலிக்கிறார்கள். மேலே தங்குவது குருணை, கடைசியில் இறங்குவது டஸ்ட். அதிலும் பிடி, ஆர்டி, எஸ்ஆர்டி, எஸ்எஃப்டி என்று ரகம் உண்டு. குன்னூர் ஏலத்தில் இலைக்குத் தனிப் பட்டியல், டஸ்ட்டுக்குத் தனிப் பட்டியல். விளக்குமாற்றில் வந்ததற்கு யாராவது இனிஷியல் போட்டு ஏலம் விடுவார்களா? தரையில் கூட்டியது, நார், நரம்பு எல்லாம் கழிவுக் கணக்கில் சேரும். அது கடைப்பக்கம் தலைகாட்டக் கூடாதென்று மத்திய அரசு 1959-லேயே டீக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணை போட்டிருக்கிறது. சாயம் கலந்து விற்பவன் இல்லையா என்றால், இருக்கிறான். அவனை உள்ளே போடுங்கள். டஸ்ட் என்ன பாவம் செய்தது?

மூன்று நிமிடத்துக்கும் பதில் உண்டு. சர்வதேசத் தர அமைப்பு டீ போடுவதற்கென்றே 1980-ல் ஒரு தரம் வெளியிட்டது, எண் 3103. 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம். பாலுக்கும் அதில் இடம் இருக்கிறது. ருசி பார்ப்பவர்கள் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவதற்காக எழுதியது அது, நல்ல டீக்கான குறிப்பு இல்லை. இதை மருமகனிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. இதற்கு மூலமான ஆறு பக்க பிரிட்டிஷ் தரத்துக்கு 1999-ல் இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசு கொடுத்துச் சிரித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் டீக்குப் பதினொரு விதி எழுதினார். தேயிலை இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வர வேண்டும் என்பது முதல் விதி, சீனி கூடாது என்பது கடைசி விதி. நம்ம தேயிலை வேணும், சீனி மட்டும் ஆகாதாம்.

டஸ்ட்டின் குணமே அவசரம். துகள் சின்னது, சாறு சட்டென்று இறங்கும், பால் எவ்வளவு விழுந்தாலும் நிறம் விட்டுக்கொடுக்காது. காலை ஆறரைக்கு போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்தக் கடையிலாவது நின்று பாருங்கள். கெட்டில்காரனை அங்கே நிறுத்த வேண்டும். “அண்ணே, ஒரு ஸ்ட்ராங்.” “லைட்டா ஒண்ணு, சீனி தூக்கலா.” “சீனி கம்மி, ஆனா இனிப்பு இருக்கணும்.” “பால் கம்மி, கறுப்பா இருக்கக் கூடாது.” “ஆத்தாம ஒண்ணு.” “நல்லா ஆத்தி ஒண்ணு, சூடு குறையாம.” “ரெண்டை மூணாப் போடுங்க.” “எனக்கு நேத்துப் போட்ட மாதிரி.” “நேத்து மாதிரி வேணாம்ணே.” “அவருக்கு என்ன போட்டீங்களோ அதே.” அவரோ இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை. “பார்சல் ரெண்டு, நாலு கப்பு.” “சீனியே இல்லாம ஒண்ணு, அந்தத் தேன்மிட்டாயை எடுங்க.” கட்டுரைக்காரரின் குரலும் நடுவில் கேட்கும்: “மீடியம்.” எதற்கும் எதற்கும் நடுவே என்று அவருக்கே தெரியாது. மாஸ்டர் யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். துணி வடிகட்டி ஒன்றுதான், பால் சட்டி ஒன்றுதான். மணிக்கட்டை அரை அங்குலம் இப்படி அப்படித் திருப்புவார். எல்லாரும் ஒரு உறிஞ்சு உறிஞ்சி, தனக்கென்றே போட்ட டீ என்று தலையாட்டுவார்கள்.

வாசகர்கள் மட்டும் யோக்கியமா? சம்பந்தி வீட்டு டீயைப் பிரமாதம் என்று குடித்துவிட்டு, தெருமுனை திரும்பியதும் வாய்க்கு மாற்றாக இன்னொன்று சொல்பவர்கள்தானே.

போடிக்கு வருவோம். மூணாறு மலைத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கியது. அங்கிருந்து போடி, பிறகு தூத்துக்குடி, பிறகு கப்பல். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, 1908-ல் குட்டி ரயிலாக மாற்றினார்கள். 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. ஆக, லண்டன்காரன் குடித்த டீ நம்ம ஆட்கள் தலைக்கு மேலேயே ஊர்வலம் போயிருக்கிறது. இந்தச் சரித்திரத்தைக் கேட்டுவிட்டு, “அது ஆர்த்தடாக்ஸ் இலையா இருக்கும் மாமா, டஸ்ட் இல்ல” என்றான் பையன்.

சரி, போடி டீயைப் பற்றி எழுதும் முன் ஒருமுறை குடித்துவிடலாமே என்று கட்டுரைக்காரர் பஸ் ஏறினார். பழைய கடை இருந்தது. திருநீற்றுப் பட்டை போட்ட பித்தளை பாய்லர் இருந்தது. தண்ணீர் கொதித்ததும் உள்ளே கிடக்கும் காசு கடகடவென்று ஆடும் சத்தமும் அப்படியே. எல்லாம் கூடிவந்த நேரத்தில் மாஸ்டர் பேப்பர் கப்பை எடுத்தார். கிளாஸில் கேட்டதற்கு, “கிளாஸெல்லாம் நிறுத்தியாச்சு சார், சுத்தம் முக்கியம்ல” என்றார். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு கப்புகள் பிரியவில்லை. வாயருகே கொண்டுபோய் உள்ளே ஒரு ஊது ஊதிப் பிரித்து, அதில் டீயை ஊற்றிக் கொடுத்தார்.