மண்டையோட்டைக் கொஞ்சம் ஆறவுடுங்க, மாப்ளே!

பேய்க்கு ஒடம்பு கெடையாதுன்னு நாங்க நெனச்சிட்டிருந்தோமுங்க மாப்ளே. அமெரிக்காவுல இந்த எடிசன் ஊருக்கு வந்தப்புறந்தானுங்க தெரியுது, அதுக்கான ஒடம்பு ஒண்ணரை மில்லிமீட்டர் கனத்துல வெள்ளை பிளாஸ்டிக் ஷீட்டா விக்குதுன்னு.

கோவிச்சுக்காதீங்க. கம்ப்யூட்டர்ல பெரிய உத்தியோகம் பாக்கறவருக்குக் கவுந்தப்பாடிப் பக்கத்து வெல்ல ஆலைக்காரன் புத்தி சொல்றதான்னு தோணும். தோணட்டுங்க. மகளைக் குடுத்தவனுக்கு அந்தளவு உரிமை இருக்குதுங்க.

அக்டோபர் 31 ஹாலோவீன் ராத்திரி வாசல்ல பேயும் பிசாசும் தொங்கணும்ன்னு ஆசைப்படறீங்க, நாயந்தான். தெருவே பண்டிகை கொண்டாடறப்ப நம்ம வாசல் மட்டும் வெறிச்சுன்னு கெடந்தா நல்லாவா இருக்கும்? கடையிலயே வாங்கிப்போடலாம். 2020-ல ஹோம் டிப்போக்காரன் பன்னெண்டு அடி ஒசரத்துல ஒரு எலும்புக்கூட்டை 299 டாலருக்கு எறக்குனானாம், சனம் அடிச்சுப் புடிச்சு வாங்கீருச்சாம். பேரன் சொன்னான். ஆனா நீங்க, “கடையில வாங்குனா எல்லார் வாசல்லயும் ஒரே பேயி நிக்கும் மாமா, நம்ம பேயை நாமளே அச்செடுக்கோணும்”ன்னு சொன்னீங்க பாருங்க, அந்த ரோசம் எனக்குப் புடிச்சுதுங்க. ரோசம் இருக்கற அளவுக்குப் பொறுமை இல்லீங்க, அதுதான் கொறை.

பிளாஸ்டிக் ஷீட்டைச் சூட்டுல எளக்கி, அச்சு மேல போத்தி, அடியில காத்தை எடுத்து மண்டை பண்றீங்களே, மொதல்ல அந்த வேக்குவம் பொட்டியைப் பத்தி ஒரு வார்த்தை. அதுதான் எல்லாம் பண்ணுதுன்னு நெனச்சு, இன்னும் பெரிய மோட்டார் வாங்கறதுக்கு வெலை பாத்துட்டிருக்கீங்க. மோட்டார் பிளாஸ்டிக்கை இழுக்கறதில்லீங்க மாப்ளே. அடியில இருக்கற காத்தை அது வெளிய தள்ளுது, மேல இருக்கற காத்து வந்து ஷீட்டை அமுக்குது. நம்ம தலை மேல இருக்கற காத்து சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ கனம் அமுக்குதுங்க. அடிக்கு அடி ஷீட்டுக்கு அடியில காத்தை முச்சூடும் எடுத்துப்போட்டா மேல 900 கிலோவுக்கு மேல எறங்கும். கராஜ் கூட்டற உங்க மெஷின் அதுல அஞ்சுல ஒரு பங்கு எடுத்தாலே பெருசு. மண்டையோட்டுக்கு அதுவே தாராளமுங்க. காசைப் பெரிய மோட்டாருல போடாம, ஓட்டைப் பலகைக்கும் ஷீட்டு மாட்டுற சட்டத்துக்கும் நடுவுல காத்து ஒழுகாம ஸ்பாஞ்சு நாடா ஒட்டுங்க. ஒழுகற எடத்தை அடைக்காம மோட்டாரை மாத்துனா கரண்டு பில்லு மட்டுந்தான் ஏறும்.

இது ஒண்ணும் புது வித்தையும் இல்லீங்க. 1960-கள்லயே மேட்டல் கம்பெனி ‘வேக்-யூ-ஃபார்ம்’னு கொழந்தைக வெளையாட்டுச் சாமானாவே வித்திருக்குது. சின்ன ஷீட்டைச் சூட்டுத் தட்டுல வாட்டி, கைப்பிடியை அடிச்சுக் காத்தை எடுத்தா பொம்மை ரெடி. அன்னைக்கு எட்டு வயசுப் பொடுசுக பண்ணுனதை இன்னைக்கு நீங்க மெனக்கெட்டுப் பண்றீங்க, நல்லதுதான்.

1977-ல வந்த ஸ்டார் வார்ஸ் படத்துல வெள்ளைத் தலைக்கவசம் போட்டுட்டுச் சிப்பாய்க வருவாங்களாமே, அதுவும் இதே மொறையில எடுத்ததுதானாமுங்க. இங்கிலாந்துல ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த்துன்னு ஒருத்தர் செஞ்சு குடுத்திருக்காரு. வருசம் பல கழிச்சு அவரே செஞ்சு விக்க ஆரம்பிக்கவும், லூகாஸ்ஃபிலிம்காரங்க கோர்ட்டுக்கு இழுத்துட்டாங்க. 2011-ல பிரிட்டன் சுப்ரீம் கோர்ட்டு, அந்தத் தலைக்கவசம் சிற்பமே இல்லீன்னு தீர்ப்பு எழுதீருச்சு. உலகமே பாத்த தலைக்கவசத்துக்கே அந்தக் கதின்னா, போன வாரம் நீங்க எடுத்தீங்களே ஒரு மண்டை, அதுக்கு வழக்கே தேவையில்லீங்க. பாத்தவுடனே தீர்ப்புச் சொல்லிப்போடலாம்.

அது ஏன் அச்சை உட்டுக் கழலாம அடம் புடிச்சுதுன்னு இன்னும் ரோசனை பண்ணிட்டிருக்கீங்க. இங்கதானுங்க ஆலைக்காரன் பேச்சு செல்லும். அச்சு வெல்லப் பலகையில குழி எப்படி இருக்கும்? வாய் அகலம், அடி குறுகல். நேர் செவுரா வெட்டுன குழியில பாகை ஊத்துனீங்கன்னா, கவுத்துப்போட்டு நாள் முழுக்கத் தட்டுனாலும் வெல்லம் உழாது. உங்க சங்கதியும் அதேதான், தலைகீழா. அச்சு மேல போகப் போக ஒடுங்கோணும், பக்கமெல்லாம் கொஞ்சமாவது சாஞ்சிருக்கோணும். நீங்க காது மடலு, தாடைக்கு அடியில பள்ளம், பொடறி வளைவு எல்லாத்தையும் ஒரே அச்சுல செதுக்கி வெச்சிருக்கீங்க. சூட்டுல பிளாஸ்டிக்கு அந்தப் பள்ளத்துக்குள்ள போயிப் புடிச்சுக்குச்சு, ஆறுனதும் இறுகிக்குச்சு. இனி அச்சை ஒடைக்கோணும், இல்லாட்டி ஓட்டை ஒடைக்கோணும். முன்பாதி ஒரு அச்சு, பின்பாதி ஒரு அச்சுன்னு ரெண்டா எடுத்து ஒட்டுங்க. ஒட்டுன கோடு தெரியுமேன்னு கவலைப்படாதீங்க, மண்டையோட்டுல விரிசல் இருந்தா எவன் வந்து கேக்கப்போறான்?

அப்புறம் அந்தக் கண்ணுக்குழி. எல்லாம் நல்லா வந்து, கண்ணு மட்டும் மேடு தட்டி, சளி புடிச்ச மண்டையாட்ட நின்னுது. குழிக்குள்ள மாட்டுன காத்துக்கு வெளிய போக வழி வேணுமில்லீங்களா? ஆழமான எடத்துலயெல்லாம் ஒரு மில்லி ஓட்டை போட்டு அடி வரைக்கும் வுடுங்க. அச்சைப் பலகையில அப்பிடியே ஒட்ட வெக்காம, அடியில ரெண்டு அட்டைத் துண்டு குடுத்துத் தூக்கி வெச்சா காத்து நாலு பக்கமும் வாங்கும்.

பல்லுக்கு நடுவுல ஊசி வெச்சுக் கோடு கீறிட்டிருந்தீங்க. பாவமா இருந்துதுங்க. ஒண்ணரை மில்லி ஷீட்டு அச்சுக்கு மேல போத்திக்குது, உங்க ஊசிக்கோட்டை அது கண்டுக்கவே கண்டுக்காது. கோடு அகலமா, ஆழமா, கொஞ்சம் அசிங்கமாவே இருக்கட்டும். அச்சு ஒசரத்தையும் கொறைங்க. ஒரே ஷீட்டுத்தான் இழுபட்டு இழுபட்டுப் பக்கமெல்லாம் மூடோணும். அகலத்தை மிஞ்சி ஒசரம் போனா ஓரத்துல காயிதமா மெலிஞ்சுரும். ரெண்டு அச்சை ஒட்ட ஒட்ட நிறுத்துனீங்கன்னா நடுவுல சவ்வாட்ட மடிப்பு உழுந்துரும். வௌவால் றெக்கைக்கு வேணும்ன்னா அது ஒதவும்.

இனிச் சொல்றது வெளையாட்டில்லீங்க. எம் மகளோட சமையல் அடுப்புல அந்த ஷீட்டை வாட்டறதை இன்னையோட நிறுத்துங்க. ஹை இம்பாக்ட் பாலிஸ்டைரீன்னு நீங்க வாங்கறது 150 டிகிரி தாண்டி நல்லா எளகும். அப்ப வர்ற வாசம் சோத்துல படற எடத்துல இருக்கக்கூடாதுங்க. பழைய அடுப்பு ஒண்ணு வாங்கிக் கராஜ்ல போட்டுட்டு, கதவைத் தொறந்து வெச்சுட்டு வேலை பாருங்க. முக்கியமா, என்ன ஷீட்டுன்னே தெரியாத துண்டை, கெடைச்சுதுங்கறதுக்காக உள்ள வெக்காதீங்க. பிவிசியா இருந்து தீஞ்சுதுன்னா ஹைட்ரஜன் குளோரைடு பொகை கெளம்பும், நெஞ்சைப் புடிச்சுக்கும். அன்னைக்கு வாசல்ல நிக்கற பேயி நெசப் பேயாயிரும். ஏபிஎஸ் ஷீட்டுன்னா ஈரம் வாங்கிக்கும், காய வெக்காம சூடேத்துனா மேலெல்லாம் கொப்புளம். பொணத்து மூஞ்சிக்குக் கொப்புளம் வேணும்ன்னா காய வெக்காதீங்க, அது உங்க ரசனை.

சூடு போதுமான்னு கெடிகாரத்தைப் பாக்கறதை உட்டுட்டு ஷீட்டைப் பாருங்க. மொதல்ல நெளியும், அப்புறம் விறைச்சு நேராகும், அதுக்கப்புறந்தான் நடுவுல தொய்யும். நீங்க நெளியறப்பவே எடுத்து அமுக்கறீங்க, மண்டை பாதிதான் வருது. நல்லாத் தொஞ்சதும் ஒரே மூச்சுல எறக்கோணும், அப்ப செல்போனை எடுக்கக்கூடாது. எறக்குனப்புறம் இறுகற வரைக்கும் கை வெக்காதீங்க. ஆறறதுக்குள்ள புடுங்கிப் புடுங்கித்தானுங்க கோணல் வாய் மண்டைகளாச் சேத்து வெச்சிருக்கீங்க.

வெள்ளையா வந்ததை அப்பிடியே மாட்டிப்போடாதீங்க. லேசா உப்புக்காயிதம் தேச்சு, தண்ணியாக் கரைச்ச பழுப்பு பெயிண்டை மேல பூசி, காயறதுக்குள்ள துணியில தொடைச்சு எடுங்க. பள்ளத்துல நின்ன அழுக்குத்தான் மண்டைக்கு வயசு குடுக்கும். கண்ணுக்குழிக்குள்ள மட்டும் நல்லாக் கறுப்பு அடிங்க.

மாட்டுற எடம் அதை விட முக்கியம். நம்மூர்ல கட்டுற வீட்டுக்கு முன்னாடி கோரைப்பல்லும் முழிச்ச கண்ணுமாத் திருஷ்டி பொம்மை தொங்குதே, அதைப் பாத்து எந்தக் கொழந்தையாவது அழுதிருக்குதுங்களா? பட்டப்பகல்ல எல்லாருக்கும் தெரியற எடத்துல மாட்டறோம், அதனால பயமே இல்லை. நீங்களும் மண்டையைப் போர்ட்டிகோ லைட்டுக்கு நேர் கீழ வெச்சுட்டு, யாரும் பயப்பட மாட்டேங்கறாங்கன்னு வருத்தப்படறீங்க. செடி மறைவுல வைங்க. பாதி தெரியட்டும், மீதியைப் பாக்கறவன் நெனச்சுக்குவான். அன்னைக்கு இங்க ஆறு மணிக்கே பொழுது எறங்கீரும், உங்க அச்சு வேலையில இருக்கற கொறையெல்லாம் அந்த இருட்டு மூடிக்கும்.

உள்ள வெளிச்சம் வேணும்ன்னா பேட்டரியில எரியற எல்இடி வைங்க. மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக்கு கப்புன்னு புடிச்சுக்கும், உருகி ஒழுகும், கரிப்பொகை கக்கும்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு வர்ற பொடுசுக உங்க மண்டையோட்டைப் பாக்க வரலீங்க, முட்டாய்க்கு வர்றாங்க. சின்ன முட்டாய் வாங்கிப் பேரைக் கெடுத்துக்காதீங்க, பெரிய சாக்லேட்டாவே வாங்கி வைங்க.