சாவிக்கொத்து அண்ணன்

தருமபுரி நான்கு ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் பத்து நிமிடத்துக்குள் ஒரு பென்டிரைவ் அண்ணன் எதிர்ப்பட்டுவிடுவார். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். அதில் பைக் சாவி, வீட்டுச் சாவி, பீரோ சாவி, இவற்றோடு கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் உலோகத் துண்டு. முதல் மூன்றும் அவருடைய சொந்தப் பூட்டுகளுக்கு. நாலாவது, ஊரார் கம்ப்யூட்டரை 'பூட்' பண்ண.

கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். கடைக்காரர் காசு வாங்குவார், அண்ணன் வாங்கமாட்டார். பகலில் ஒருவர் கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதுவார், இன்னொருவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். எனக்குப் பழக்கமானவருக்குப் பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் வேலை. நல்லது கெட்டதுக்கு யாரும் அவரைத் தேடுவதில்லை. திரை கறுத்தால் மட்டும் ஊரே தேடும்.

ஒரு திங்கள்கிழமை. கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள். மனு டைப் அடிக்கும் கடையில் கூட்டம் தெருவரைக்கும் நிற்கிறது. கம்ப்யூட்டரோ, பூட் ஆவதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் சொல்லிவிட்டு அசையாமல் இருக்கிறது. கடைக்காரர் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டர் மண்டையில்தான். பிறகு போன் போட்டார்.

அண்ணன் வந்தார். முதல் கேள்வி: "கடைசியா என்னா பண்ணீங்க?"

"ஒண்ணுமே பண்ணலீங்கண்ணா."

இந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்னவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

"பேக்கப் இருக்குதா?"

"அப்படின்னாங்கண்ணா?"

அண்ணன் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு குனிந்து சிபியூவின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். யாரோ ஒரு வாடிக்கையாளர் செருகிய சிவப்புப் பென்டிரைவ் அங்கேயே மறந்து கிடந்தது. விஷயம் அவ்வளவுதான். சில கம்ப்யூட்டர்கள் எழும்போது முதலில் பென்டிரைவைத்தான் தட்டிக் கேட்கும். அதில் ஒன்றும் இல்லையென்றால் முரண்டு பிடித்து நின்றுவிடும். பிடுங்கினால் எழுந்துவிடும். அண்ணன் பிடுங்கினார். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

உடனே ஆன் செய்திருக்கலாம்தான். ஆனால் ஐந்து விநாடியில் சரியானால் மதிப்பு ஏது? பக்கத் தகட்டைக் கழற்றினார். ராமை உருவினார். "தம்பி, ரப்பர் இருக்குதா?" என்று பள்ளிக்கூடப் பையன் ஒருவனிடம் வாங்கி, அதன் தங்கநிறப் பற்களை வெள்ளிக் கொலுசு துலக்குவதுபோல் தேய்த்தார். ஊதினார். மாட்டினார். இருபது நிமிடம். பிறகு பொத்தானை அழுத்தினார். விண்டோஸ் எழுந்தது. பட்டா மாறுதலுக்காக அரூரிலிருந்து வந்திருந்த பாட்டி, "நல்லா இருப்ப சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டது. இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ராமைத் தேய்த்தால் பல கம்ப்யூட்டர்கள் உண்மையிலேயே எழும். அன்றைக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

எல்லா நாளும் இப்படி அமைவதில்லை. ஆவணி முகூர்த்த நேரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் படுத்தது. உள்ளே நாலு கல்யாணம், ஒரு சீமந்தம், ஒரு மஞ்சள் நீராட்டு. நகல் எங்கும் இல்லை. அப்போதுதான் நாலாவது சாவிக்கு நிஜமான வேலை வந்தது.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அண்ணன் எஃப்12-ஐப் பம்பைக்காரர் மாதிரி விடாமல் தட்டினார். டெல்லுக்கு எஃப்12, எச்பிக்கு எஃப்9 என்று எந்தக் கம்பெனிக்கு எந்தப் பொத்தான் என்பதை நட்சத்திரம் ராசி மாதிரி ஒப்பிப்பார். திரையில் ஒரு பட்டியல் விரிந்தது. முன்பெல்லாம் பெரும்பாலும் ஒரு பென்டிரைவில் ஒரு சிஸ்டத்தைத்தான் எழுதுவார்கள். வேறு வேண்டுமென்றால் அழித்து எழுத வேண்டும். 2020-இல் வென்டாய் என்ற இலவச மென்பொருள் வந்தபின் பென்டிரைவ் அஞ்சறைப் பெட்டி ஆகிவிட்டது. விண்டோஸ் 10, 11, லினக்ஸ் மின்ட், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட், ரிப்பேர்க் கருவிகள் அடங்கிய ஹைரன்ஸ், எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். ஃபைலை அப்படியே காப்பி செய்து போட்டால் போதும்.

வேலை செய்யும் விதம் எளிது. சொந்த விண்டோஸ் மயங்கிக் கிடக்கும்போது, பென்டிரைவிலிருக்கும் இரவல் விண்டோஸ் ராமில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து ஹார்ட் டிஸ்க்கை வெளியாள் மாதிரி எட்டிப் பார்க்கலாம். வாசற்கதவு திறக்கவில்லையென்றால் கொல்லைப்புறச் சுவர் ஏறிக் குதித்து, நகைப் பெட்டியை முதலில் வெளியே வைத்துவிட்டு, அப்புறம் கதவை ரிப்பேர் பார்ப்பதுதான். பாஸ்வேர்டு மறந்தவருக்கும் இதே சுவர்தான்.

படங்கள் வெளி டிஸ்க்குக்கு நகர ஆரம்பித்தன. மூன்று நிமிடம் பாக்கி என்றது திரை. கொஞ்சம் கழித்து இரண்டு மணி நேரம் பாக்கி என்றது. அண்ணனுக்குக் கூலி இங்கேதான் கிடைக்கிறது. அவர் பேசுவார், நாம் கேட்க வேண்டும். எழுந்து போக முடியாது. நம் கம்ப்யூட்டர் அவர் கையில்.

ஹைரன்ஸ் சிடி 15.2 வந்தது 2012 நவம்பரில் என்று, முதல் பிள்ளை பிறந்த நாளைச் சொல்வதுபோல் சொன்னார். அதற்குள் இருந்த மினி விண்டோஸ் எக்ஸ்பியைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுத்தது. அதற்கு முந்திய கதை லேப்டாப். 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் லேப்டாப்பை வாங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் அண்ணனிடம் வந்தார்களாம்: "அண்ணா, பாஸைத் தூக்கிடுங்க, படம் வெக்க எடம் பத்தல." இவரும் தூக்கினார். அண்ணனின் பொதுவாழ்க்கை தொடங்கியது அப்படித்தான். பிற்பாடு வைரஸ் வந்து விண்டோஸ் விழுந்தபோது, பக்கத்திலேயே எழுந்து நின்று ஃபைலை எடுத்துக்கொடுக்கக் கூடியது அந்த பாஸ்தான். "என் கையாலயே தூக்கிப் போட்டனே" என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறார்.

இன்னொரு பாவமும் அவர் கணக்கில் உண்டு. ஒரு டிடிபி கடைக்காரரின் பத்தாண்டு ஃபைல்களை ஒன்று விடாமல் காப்பாற்றி, விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். ஃபைலைத் திறந்தால் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்து கிடந்தது. பாமினி, வானவில் என்ற தமிழ் ஃபான்ட்கள் பழைய சி டிரைவோடு போய்விட்டன. ஃபான்ட் ஃபோல்டரை எடுத்து வைக்க மறந்திருக்கிறார். அதன்பிறகு யார் கம்ப்யூட்டரைத் தொட்டாலும் முதலில் ஃபான்ட், அப்புறம்தான் பிள்ளையார்.

2024 ஜூலை 19 அண்ணனுக்குத் திருநாள். ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் ஒரு மீட்புக் கருவியை வெளியிட்டது. பென்டிரைவில் போட்டு பூட் செய்ய வேண்டியது. டீக்கடையில் அந்தச் செய்தியை அண்ணன் மூன்று பேருக்கு வாசித்துக் காட்டினார். "பாத்தீங்களா? அமெரிக்காக்காரனே கடைசியில நம்ம வழிக்குத்தான் வந்தான்."

அந்தப் பெருமை என் வீட்டில்தான் முடிந்தது. அக்கா மகளின் புது லேப்டாப் நீலத் திரையோடு நின்றுவிட்டது. கல்லூரி புராஜெக்ட் முழுக்க உள்ளே. அண்ணன் பொத்தானைத் தட்டினார், பட்டியல் வந்தது, இரவல் விண்டோஸும் எழுந்தது. ஆனால் சி டிரைவின் மேல் ஒரு சின்னப் பூட்டுப் படம். பிட்லாக்கர். 48 இலக்க மீட்பு எண் கொடுத்தால்தான் திறக்கும் என்றது. இந்தச் சுவர் ஏறிக் குதிக்கும் சுவர் இல்லை. உள்ளே இருப்பதெல்லாம் சங்கேதமாக மாறிக் கிடக்கிறது.

"மைக்ரோசாஃப்ட் கணக்குல அந்த நம்பர் இருக்கும் பாப்பா. எந்த மெயில் ஐடி?"

"வாங்குன கடையில அவங்களே ஒண்ணு போட்டுக் குடுத்தாங்க மாமா."

"பாஸ்வேர்டு?"

"அந்த அட்டைப் பெட்டி மேல எழுதியிருந்தாங்க."

அட்டைப் பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போய் ஒரு மாதமாகிவிட்டது. அண்ணன் பென்டிரைவை உருவி, சாவிக்கொத்தில் மாட்டி, அரை நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். ரப்பர்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு டீயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே புது லேப்டாப் வைத்திருப்பவர்களே, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து அந்த 48 இலக்க எண்ணை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அரிசி டப்பா மூடிக்குள் ஒட்டினாலும் சரி. மற்றதை அண்ணன் பார்த்துக்கொள்வார். டீ மட்டும் சர்க்கரை போடாமல் சொல்லுங்கள். போன மாதம்தான் டாக்டர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.