ஜெபக்கார அண்ணாச்சி

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், செந்தேரி மணலையும் பனங்காட்டையும் தவிர வேறு ஐசுவரியம் அறியாத கிறிஸ்தவக் கிராமங்களில் எதற்குள் நீங்கள் பிரவேசித்தாலும், 192 அடி உயரமுள்ள மெஞ்ஞானபுரத்துக் கோபுரத்தோடு மனத்துக்குள்ளாகவாவது போட்டியிடுகிற ஒரு கோபுரத்தையும், அதன் நிழலில் ஒரு பள்ளிக்கூடத்தையும், போதகராகிய ஐயரவர்கள் ஒருவரையும், உபதேசியார் ஒருவரையும், மணியடிக்கக் கோயில்குட்டி ஒருவனையும், பாட்டு ஓரடி முன்னே போக ஆர்மோனியம் ஓரடி பின்னே வரும்படி வாசிக்கிற வாத்தியார் ஒருவரையும் தவறாமல் காண்பீர்கள். இவர்களுக்கெல்லாம் நியமன உத்தரவு உண்டு. சிலருக்குச் சம்பளமும் உண்டு. அத்தியட்சரின் கையெழுத்தோ சேகரக் கமிட்டியின் தீர்மானமோ இல்லாமல், கேட்பாரற்றுத் தாமாகவே பதவியேற்று, ஆயுள் பரியந்தம் அதில் நிலைத்திருக்கிற உத்தியோகஸ்தர் ஒருவர் உண்டென்றால், அவர்தாம் ஜெபக்கார அண்ணாச்சி.

எங்கள் பக்கத்து அண்ணாச்சிக்குக் கருப்பட்டி வியாபாரம். மெலிந்த தேகம், முழங்காலில் மாத்திரம் சற்றே சாயம் மாறிய வெள்ளை வேஷ்டி, பிறப்பு, இறப்பு, கடன் கொடுத்த தேதி ஆகிய மூன்றும் முதற்பக்கத்தில் குறிக்கப்பட்ட கறுப்பு அட்டை வேதாகமம். தராசின் முன் அவர் பெரிய மௌனி. விலை சொல்ல ஒரு வார்த்தை, குறைக்க முடியாது என்பதற்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவே. அப்படிப்பட்ட மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, "சர்வ வல்லமையும் சர்வ ஞானமும் பொருந்திய எங்கள் பரம பிதாவே" என்று ஆரம்பித்துவிட்டால், அவரை மறுபடியும் கண் திறக்கச் செய்வதற்கு மனுஷ யத்தனம் போதாது.

இந்தப் பதவி எதனால் உண்டாயிற்று என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். திருநெல்வேலித் திருச்சபை இங்கிலாந்துச் சபையின் ஜெபப்புத்தகத்தில் பால் குடித்து வளர்ந்தது. 1662-ஆம் வருஷம் இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட அந்த ஒழுங்கில், எப்போது எழுந்திருப்பது, எப்போது முழங்காற்படியிடுவது, பாவத்தை எந்த வாசகத்தால் அறிக்கை செய்வது என்பதெல்லாம் அச்சிலேயே தீர்மானமாகிவிட்டபடியால், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு பாவி தன்னுடைய சொந்தப் பாவத்தைச் சொந்த வார்த்தையில் சொல்ல இடமே கிடையாது. ராஜாவுக்காக அதில் ஜெபம் உண்டு. கப்பற் பிரயாணிகளுக்காக உண்டு. மழை வேண்டி ஒரு ஜெபமும், மழை ஓய்ந்து வெயில் அடிக்கவேண்டி மற்றொரு ஜெபமும் உண்டு. இந்த இரண்டாவது ஜெபத்தைத் தேரிக்காட்டில் ஒருதரமாவது உபயோகித்த ஐயர் யாராவது இருந்தால், அவருக்கு மாலை போட நான் தயார். ஆனால் பதனீர் சுரக்காமல் நிற்கிற பனைக்காகவோ, கன்று செத்துப் பால் மறத்த எருமைக்காகவோ, சாத்தான்குளத்து முன்சீப் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தாவாக இழுக்கிற வேலித் தகராற்றுக்காகவோ லண்டனில் இருந்தவர்கள் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்த வெற்றிடத்தில் வந்து நின்றவர் அண்ணாச்சி.

அவருக்கு இந்த வரம் தாய்வழியாக வந்தது என்பது ஊரில் வழங்கும் அபிப்பிராயம். தாயார் நாஞ்சில் நாட்டுப் பெண். 1806-ல் மயிலாடிக்கு வந்து சேர்ந்த ரிங்கல்தௌபே ஐயர் விதைத்த லண்டன் மிஷன் சபைகளில் பிறந்தவர். புத்தகத்தைப் பாராமல், ஆவியானவர் ஏவுகிறபடி வாய் திறந்து ஜெபிப்பது அந்தச் சபைகளின் பாரம்பரியம். தகப்பனாரோ அச்சிட்ட ஜெபத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட விடாமல் வாசிக்கிற, இங்கிலாந்துச் சபையைச் சேர்ந்த சி.எம்.எஸ். மிஷன் குடும்பத்தவர். 1947-ஆம் வருஷம் செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னைக் கதீட்ரலில் இவ்விரு மரபுகளும் இன்னும் சிலவும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது உலகமே வியந்ததாகச் சொல்லுகிறார்கள். அந்த ஐக்கியம் பல வருஷங்களுக்கு முன்பே அண்ணாச்சி என்னும் ஒரே சரீரத்தில் நடந்தேறி, தகப்பன் வழியில் பாஷையின் ஆடம்பரமும் தாய் வழியில் கால அளவற்ற சுதந்தரமுமாக விளைந்திருந்ததை ஊரார் அறிவார்கள்.

கோயிலுக்குள் புத்தகம் ஆட்சி செய்கிறபடியால், அண்ணாச்சியின் ராஜ்யம் கோயிலுக்கு வெளியே. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம், புதுவீட்டுப் பிரதிஷ்டை, பரிசம் போடுதல், பிள்ளைக்குப் பெயரிடுதல், பரீட்சைக்குப் போகிற பையனை வழியனுப்புதல், அசன விருந்து ஆகிய சமயங்களிலெல்லாம், ஐயரவர்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்து, "யாராவது ஒருவர்..." என்று வாயெடுப்பதற்குள் அண்ணாச்சி ஏற்கனவே கண்ணை மூடியிருப்பார். மூடிய கண்ணைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் எந்த ஐயருக்கும் கொடுக்கப்படவில்லை.

அவர் ஜெபத்தை வெறும் நீளத்தினால் மாத்திரம் அளப்பவர்கள் அதன் சூட்சுமத்தை அறியாதவர்கள். மேல்நோக்கிச் சொல்லப்பட்டுப் பக்கவாட்டில் போய்ச் சேருவதே அதன் விசேஷம். ஒருமுறை கணக்குப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில், சேகரத்துப் பொருளாளர் எதிரே சம்மணமிட்டிருக்க, அண்ணாச்சி உருக்கமான குரலில், "தேவரீருடைய கண்களுக்கு மறைவானது ஒன்றுமில்லையென்று அடியேன் அறிவேன், ஆயினும் சென்ற செவ்வாய்க்கிழமை கோயில் நிலத்துப் பனைகள் ஐந்து வெட்டப்பட்டு, கணக்கிலே மூன்று என்று எழுதப்பட்டிருக்கிற காரியத்தை உம்முடைய சமுகத்தில் வைக்கிறேன்" என்று விண்ணப்பித்தார். பொருளாளரின் நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கண்ணைத் திறந்து மறுத்துப் பேசினால் ஜெபத்தைக் கெடுத்த பாவம், பேசாதிருந்தால் ஒப்புக்கொண்டதற்கு அடையாளம், முடிவில் "ஆமென்" சொன்னால் வாக்குமூலம், சொல்லாவிட்டால் அவிசுவாசம். அவர் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அது தொண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. அடுத்த வாரமே கணக்கில் ஐந்து பனை நின்றது. கமிட்டியும் தணிக்கையாளரும் வருஷக்கணக்காகச் சாதிக்காததை ஒரே விண்ணப்பம் சாதித்தது.

பிரசங்கத்துக்கு மறுப்புரை கூறுவதும் இந்த மார்க்கமாகவே. ஐயரவர்கள் கெட்ட குமாரனைப்பற்றிப் பேசி அமர்ந்ததும் அண்ணாச்சி எழுந்து, "இன்று உமது தாசன் நேரமின்மையால் சொல்லாமல் விட்டுப்போன மூத்த குமாரனுடைய நியாயத்தையும் தேவரீர் எங்களுக்கு வெளிப்படுத்தியருளும்" என்று தொடங்கி, மூத்தவன் பங்கில் நின்று பாகப்பிரிவினைச் சட்டம் முழுவதையும் பேசி முடிப்பார். அவர் வீட்டில் அவர் மூத்தவர் என்பதையும், தம்பி கொழும்பிலிருந்து வெறுங்கையோடு திரும்பினவர் என்பதையும் அறிந்தவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவதில்லை.

நன்மையும் உண்டு, மறைக்கக் கூடாது. பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண் வீட்டார் நேராகக் கேட்கக் கூசுகிற சங்கதிகளையும், வந்தவர்கள் நேராகச் சொல்லக் கூசுகிற சங்கதிகளையும் அண்ணாச்சி ஸ்தோத்திர ரூபத்தில் சபை நடுவே வைத்துவிடுவார். "ரெயில்வேயிலே மாசம் நூற்றிருபது ரூபாயும், வருஷத்துக்கு இரண்டு இலவசப் பாஸும் கட்டளையிட்டிருக்கிற தயவுக்காக உம்மைத் துதிக்கிறோம்" என்றதும், அதுவரை கண்ணை இறுக மூடியிருந்த பெண்ணின் தகப்பனார் ஒற்றைக் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்ப்பார். கோயிலில் கலியாண அறிவிப்பாக மூன்று ஓலை வாசிப்பதற்கு முன்னமே அந்த விவாகம் அங்கே நிச்சயமாகிவிடும்.

தாழ்மையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெபந்தோறும் அண்ணாச்சி தம்மைப் புழு என்றும், தூசி என்றும், ஒன்றுக்கும் உதவாத பாத்திரம் என்றும் அறிக்கையிடுவார். கமிட்டித் தேர்தலின்போது எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், இதே அபிப்பிராயத்தை இதே வார்த்தைகளில் அவரைக்குறித்து எடுத்துச் சொன்னதற்கு, அண்ணாச்சி ஒரு மாசம் கோயிலுக்கே வரவில்லை.

இனி, அந்த நீளத்தின் இலக்கண ரகசியத்தைச் சொல்லவேண்டும். தமிழில் வினையெச்சம் என்று ஒன்று இருக்கிறதே, அது அண்ணாச்சிக்காகவே உண்டாக்கப்பட்டது. "எங்களை உண்டாக்கி, போஷித்து, பாதுகாத்து, சென்ற மாசத்துப் புயலில் கூரைக்குச் சேதமில்லாமல் காத்து, மேற்குத் தெருவாருடைய ஆட்டை மாத்திரம் அடித்துக்கொண்டுபோகச் செய்து" என்று சங்கிலியின்மேல் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போவாரேயன்றி, முற்றுவினையை மாத்திரம் வாயில் வரவொட்டார். முற்றுவினை வராத இடத்தில் "ஆமென்" சொல்ல யாரால் முடியும்? இடையன்குடியில் நாற்பது வருஷங்களுக்கு மேல் வாழ்ந்து, 1856-ல் திராவிட பாஷைகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயரவர்கள் இவருடைய ஒரு ஜெபத்தைக் கேட்டிருந்தால், எச்சத்தைப்பற்றிய பகுதியை இரட்டித்து எழுதியிருப்பார். அல்லது எழுதுவதையே விட்டிருப்பார்.

பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்துக்குச் சமைக்கிற மேஸ்திரி ஒருவர்தாம் இந்த நீளத்தைத் தெய்வச் செயலாக ஏற்றுக்கொண்டவர். அண்ணாச்சியின் அசன ஜெபம் சிருஷ்டிப்பில் புறப்பட்டு, ஜலப்பிரளயம், ஆபிரகாமின் அழைப்பு, செங்கடல் வழியாக வந்து, 1903-ல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தொடங்கின இந்திய மிஷனெரி சங்கத்தாரின் தோர்ணக்கல் ஊழியத்தைத் தொட்டு, ஜில்லாக் கலெக்டரை விசாரித்து, கடைசியில்தான் எதிரே இருக்கிற இலைக்கு வரும். மேஸ்திரி கடிகாரம் வைத்துக்கொள்வதில்லை. ஜலப்பிரளயத்தில் உலை ஏற்றுவார். "எலேய், செங்கடல் வந்துட்டு, அரிசியைப் போடு" என்று பையனுக்குக் கட்டளையிடுவார். தோர்ணக்கல்லில் கஞ்சி வடிப்பார். கலெக்டர் வரும்போது ஆட்டுக்கறிக் குழம்பு இறங்கிவிடும். ஒரு வருஷம் தொண்டைக்கட்டு காரணமாக அண்ணாச்சி மற்றதையெல்லாம் விட்டுச் சிருஷ்டிப்பிலிருந்து நேரே கலெக்டருக்குத் தாவிவிட்டபடியால், அடுப்பில் உலைகூட ஏறாதிருக்க, ஆயிரம்பேர் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. கமிட்டி விசாரணையில் மேஸ்திரி, "பெருவெள்ளத்தைச் சொல்லாம விட்டது நானாய்யா?" என்று கேட்டதற்கு உறுப்பினர்களிடம் பதில் இல்லை.

பெங்களூரில் வேதசாஸ்திரம் படித்து வந்த இளைய ஐயர் ஒருவர் இதற்கு ஒரு பரிகாரம் கண்டார். அண்ணாச்சி மூச்சு வாங்குகிற தறுவாய் பார்த்துப் பரமண்டல ஜெபத்தை உரத்த சத்தத்தில் தொடங்கிவிடுவார். சபையார், நெடுநாள் சிறையிருந்தவர்களாகையால், ஒரே குரலில் கூடிக்கொள்வார்கள். பரமண்டல ஜெபத்துக்குமேல் ஜெபம் இல்லையாகையால் அண்ணாச்சியும் சேர்ந்து சொல்லியே தீரவேண்டும். இரண்டு மாசம் சபை சுகமாயிருந்தது. மூன்றாம் மாசத்தில் அண்ணாச்சி, சொல்லின் இறுதியில் மூச்சு வாங்குவதை விட்டுச் சொல்லின் நடுவில் வாங்கப் பழகிக்கொண்டார். "கிரு" என்றதும் மூச்சு. "பையினாலே" என்பது அதற்குப் பிறகு. ஒரு பதத்தை இரண்டாகப் பிளந்து அதற்கு நடுவே பரமண்டல ஜெபத்தைச் செருகுவதற்கு எந்த வேதசாஸ்திரக் கலாசாலையிலும் கற்றுக்கொடுப்பதில்லை. ஐயர் ஆயுதத்தைக் கீழே வைத்தார்.

சில வருஷங்களில் அந்த ஐயருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சாமான்கள் முன்தினமே வண்டியில் போய்விட்டன. ஐயரும் ஐயரம்மாவும் குழந்தைகளும் பதினொரு மணி பஸ்ஸுக்கு ஆலமரத்தடியில் நின்றார்கள். சபையார் மாலையும் கருப்பட்டிச் சிப்பமுமாகச் சூழ்ந்து நின்றார்கள். பஸ் தூரத்தில் தேரி மேட்டில் தலை காட்டியதும், எல்லாரும் எதிர்பார்த்தபடியே அண்ணாச்சி கண்ணை மூடினார். பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரனை ஒருமுறை அடித்தார். "இந்த வாகனத்தை ஓட்டுகிற சகோதரனுடைய கைகளையும் தேவரீர் திடப்படுத்தி" என்று அண்ணாச்சி அவரையும் சங்கிலியில் கோத்துக்கொண்டார். டிரைவர் எங்கள் பக்கத்து நாசரேத்து ஊர்க் கிறிஸ்தவர். தம்முடைய பெயரில் விண்ணப்பம் ஏறிக்கொண்டிருக்கும்போது வண்டியை நகர்த்துவது எப்படி? இயந்திரத்தை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். கண்டக்டர் படியிலேயே தலைகுனிந்து நின்றார். பிரயாணிகளில் இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்களும் பெரிய காரியம் என்று கருதி மூட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாயிருந்தார்கள். ஜெபம் ஜலப்பிரளயத்தில்தான் அப்போது இருந்தது.

அன்றைக்கு அந்தப் பஸ் போகிற வழியெல்லாம், வெயிலில் காத்துக் காத்துக் கோபம் தலைக்கேறி நின்ற ஜனங்கள், "இவ்வளவு நேரம் எங்கேய்யா நின்னிய?" என்று கண்டக்டரை மறித்துக் கேட்டார்கள். அவர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "அண்ணாச்சி ஜெபம் பண்ணுனாவ" என்றார். ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை, ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.