டாலஸ் பண்ணையார்

டாலஸுக்கு வடக்கே பிளேனோ, பிரிஸ்கோ பக்கம் தமிழர் வீட்டு விருந்துக்குப் போகிறவர்கள் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. வீட்டுக்காரர் பண்ணையாராக அமைந்துவிட்டால், தோட்டம் சுற்றிப் பார்த்த பிறகுதான் இலை போடுவார்கள்.

பண்ணையாரை அடையாளம் காண்பது சுலபம். வாரநாளில் ஏதோ ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதுவார். சனிக்கிழமை காலையில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் மண்வெட்டி. நிலம் கல்யாணப் பந்தியில் இரண்டு வரிசை உட்காரும் அளவுக்கு இருக்கும். ஆனால் அவர் கையை வீசிக் காட்டுகிற தோரணையில் நாமும் அடிவானம்வரை பார்த்து வைப்போம்.

சுற்றுலா முருங்கையில் தொடங்கும். நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு குச்சி. "2021 பிப்ரவரி பனியில கருகிப்போச்சு. எல்லாரும் பிடுங்கி எறியச் சொன்னாங்க. வேர்ல உசிரு இருக்குன்னு நான் மட்டும்தான் சொன்னேன்" என்பார். டெக்சாஸில் லட்சக்கணக்கான வீடுகள் மின்சாரமில்லாமல் நடுங்கிய வாரம் அது. பண்ணையாருக்கு முருங்கை போன வாரம்.

அடுத்தது கறிவேப்பிலை. எலுமிச்சை இனத்துக்கு எமனான நோயைப் பரப்பும் பூச்சி இதிலும் தங்கும் என்பதால், ஊரிலிருந்து ஓர் இணுக்கு கொண்டுவந்தாலும் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். அதனால் தொட்டிச் செடிக்கு ராஜ மரியாதை. குளிர்காலத்தில் அது காரேஜுக்குள்ளே, கார் வெளியே. வந்தவர்களுக்கு ஆளுக்கு நாலு இணுக்கு கிள்ளித் தருவார். ஐந்தாவது கேட்டவரை மறுபடி அழைத்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பக்கத்துக் களிமண் கோடையில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரம் விரிசல் விடாமலிருக்க, சுவரோரமாகக் கசிவுக்குழாய் போட்டு வீட்டுக்கே தண்ணீர் விடுகிற ஊர் இது. பண்ணையார் அந்தக் குழாயிலிருந்து நைசாக ஒரு கிளை பிரித்துச் சுரைக்கொடிக்கு விட்டிருப்பார். வீடு கொஞ்சம் சாய்ந்தால் பார்த்துக்கொள்ளலாம். பிஞ்சு வெம்பினால் என்ன செய்வது?

பசி கண்ணைக் கட்டும் நேரத்தில் கோழிக்கூடு வரும். கோழிகள் தபாலில் வந்தவை. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு, உள்ளே மிச்சமிருக்கும் மஞ்சள்கருவின் தயவில் மூன்று நாள் தாக்குப்பிடிக்கும். அந்த தைரியத்தில் அமெரிக்கத் தபால்துறை 1918-லிருந்து குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் சுமந்து வருகிறது. விடிவதற்குள் தபால் நிலையத்திலிருந்து போன் வரும்: பெட்டி கத்திக்கொண்டே இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

எல்லாம் பெட்டைதான் என்று சொல்லித்தான் விற்றார்கள். பிள்ளைகள் ஆசையாக ஸ்வேதா என்று பெயர் வைத்த ஒன்று நாலாம் மாதம் கூவியது. குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஏக்கர் கணக்கில் இடம் வைத்திருக்கும் நண்பர் வீட்டில் ஸ்வேதாவைக் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த மாதம் அதே நண்பர் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. பண்ணையார் அன்று சாம்பாரோடு நிறுத்திக்கொண்டார்.

பெயர் வைத்த பிறகு கத்தியை எடுக்க முடியாது. இரண்டு மூன்று வருஷத்தில் முட்டை குறைந்துவிடும். கோழியோ அதற்குப் பிறகும் பல வருஷம் திடமாக உலாவும். அத்தனை வருஷமும் ஓய்வூதியம்தான். கறி கடையில் வாங்கிக்கொள்வார்கள்.

ஆறு மாத விசாவில் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த அம்மா, வெளிச்சம் பார்த்துத் தானே திறந்து மூடும் கூட்டுக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏண்டா, நம்ம வீட்ல பஞ்சாரத்தக் கவுத்து மேல ஒரு கல்ல வச்சா முடிஞ்சது. இது எம்புட்டு?" பண்ணையார் டாலரில் சொன்னார். அம்மா ரூபாயில் பெருக்கினார். "இதுக்கு ஒரு கறவ மாடே வந்திருக்குமேடா."

இப்படியெல்லாம் கணக்குப் பார்த்தால் பண்ணை நடத்த முடியாது. ஆனாலும் ஒரு பொற்காலம் வந்தது. பறவைக் காய்ச்சலால் 2025 மார்ச்சில் அமெரிக்காவில் டஜன் முட்டையின் சராசரி விலை 6 டாலர் 23 சென்ட்டைத் தொட்டது. பண்ணையாரின் நடையே மாறிப்போயிற்று. பிறந்தநாள் விருந்துக்கு அரை டஜன் முட்டையோடு போனார். அந்த வீட்டுக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இதையெல்லாம் அவர் விவரிக்கும்போது கூட்டுக்குள்ளே எச்சம் சுரண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது அவர் மனைவி.

இப்போது பேச்சு ஐந்து ஏக்கர் வாங்குவதில் வந்து நிற்கிறது. டெக்சாஸ் சட்டப்படி 5 முதல் 20 ஏக்கர் வரையுள்ள நிலத்தில் தேனீ வளர்த்தால், அதை விவசாய நிலமாகக் கணக்கிட்டு வரியைக் குறைக்க வழி உண்டு. "வரியிலயே பாதி காசு எடுத்துடலாம்" என்கிறார். உள்ளே சுரண்டுகிற சத்தம் ஒரு கணம் நின்று, முன்னைவிட வேகமாகத் தொடர்கிறது.

டிசம்பரில் குடும்பத்தோடு ஊருக்குப் போக வேண்டும். கோழிகளை யார் பார்த்துக்கொள்வது என்று தீபாவளியிலிருந்தே ஆள் பிடிக்கிறார். "தீனி போட்டு, தண்ணி மாத்துங்க, போதும். முட்டை பூரா உங்களுக்குத்தான் தம்பி!" பகல் நீளம் பதினாலு மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் கோழி முட்டையைக் குறைத்துக்கொள்ளும், டிசம்பரில் அநேகமாக நிறுத்தியே விடும் என்பது பண்ணையாருக்குத் தெரியும். ஒப்புக்கொண்ட தம்பிக்கு மதுரையிலிருந்து தினமும் வீடியோ அழைப்பு வருகிறது. தம்பி வாயைத் திறப்பதற்குள், கேமராவைக் கோழிப் பக்கம் திருப்பச் சொல்லிவிடுகிறார்.